ஜூலை நாலுக்கு முன்னால் சாவு கிடையாது

வீட்டின் தெற்குச் சுவரோரம் நிற்கும் ராட்சத மூங்கில் செத்தால்தான் வில்டா அந்த ஊரைவிட்டுப் போக முடியும். அதை அவள் புருஷன் ஹார்லன் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், அதுவும் சாட்சி வைத்து.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. லஃபயெத் நகரத்தில் வில்டாவின் தங்கை ஓராவுக்கு ஒரே கூரையின் கீழ் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒன்றில் அவள் இருந்தாள், மற்றதை வாடகைக்கு விட்டிருந்தாள். அந்த வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தபோது, “நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. அந்தச் சேத்துல எதுக்குக் கெடக்குறீங்க?” என்று கூப்பிட்டாள். வில்டா சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள். ஹார்லன் அன்றுதான் ஃப்ளோரிடாவிலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு மூங்கில் தொட்டியை லாரியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். எதிரே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தவன் எல்ரே. கரும்பாலையில் முப்பது வருஷம் ஹார்லன் பாய்லரைப் பார்த்துக்கொண்டான், எல்ரே வெல்டிங் செய்தான்.

“இந்த மூங்கில் என்னிக்குச் சாவுதோ, அன்னிக்கு வீட்டை வித்துட்டுப் போயிடலாம். எல்ரே, நீதான் சாட்சி” என்றான் ஹார்லன்.

எல்ரே பீர் டப்பாவை உயர்த்திக் காட்டினான்.

வில்டா ஒரு நிமிஷம் கணக்குப் போட்டாள். அது உறைபனியே தெரியாத ஏதோ நாட்டிலிருந்து வந்த மூங்கில். இந்தப் பக்கம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர்த் தொட்டி உறையும். இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிகம். “சரி” என்றாள்.

அவள் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. அந்த மூங்கிலைச் சாகவிடாமல் காக்கப்போகிறவள் அவள்தான்.

ஹார்லன் அதை நட்ட இடம் அப்படி. துணி துவைக்கும் அறையின் வெளிச்சுவரில், துணி உலர்த்தும் டிரையரின் சூடான காற்று வெளியேறும் ஓட்டை இருந்தது. சரியாக அதன் எதிரே குழி வெட்டினான். உறைபனி வரும் என்று ரேடியோவில் சொன்னால் போதும், வில்டா ஈரத்துண்டுகளை டிரையரில் போட்டுச் சுற்றவிட வேண்டும். காய்ந்தால் மறுபடி நனைத்துப் போட வேண்டும். ஆலையிலிருந்து கரும்புச் சக்கை அள்ளிவந்து தூரைச் சுற்றி முழங்கால் உயரம் கொட்ட வேண்டும். ஹார்லனுக்கு முழங்கால் மடங்காது, ஆகையால் மண்டியிட்டுச் செய்கிற வேலை எல்லாம் அவளுடையது. முதல் வருஷம் அவள் அம்மா தைத்த ஒட்டுப்போர்வைகளை எடுத்துக் கழிகளைச் சுற்றிக் கட்டினான். “அது அம்மாவோடது” என்றாள். “அம்மாவுக்கு இனிமே குளிராதுல்ல?” என்றான்.

இலை கருகும், திரும்ப வரும். மேல்பாதி காயும், கீழ்ப்பாதி தளிர்க்கும். பதினோரு வருஷத்தில் அது கூரையைத் தாண்டி, தொடை கனத்துக்கு இருபது கழியாக நின்றது. புதுக் குருத்து வரும் காலத்தில் அதன் உறை முழுக்கப் பழுப்பு வெல்வெட்டுப் போலச் சுணை. களை எடுக்கப் போனால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இரண்டு நாள் அரிக்கும்.

பேயூ என்று அவர்கள் சொல்கிற அந்தச் சதுப்பு ஓடையோரத்தில் மூங்கில் பைத்தியம் ஹார்லனுக்கு மட்டும் இல்லை. ஐந்து பேர் கொண்ட கூட்டம் அது. வெளிநாட்டு மூங்கிலைக் குளிரில் யார் பிழைக்கவைக்கிறான் என்பதில் அவர்களுக்குள் போட்டி. அவர்கள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: ஜூலை நாலுக்கு முன்னால் எந்த மூங்கிலையும் செத்தது என்று சொல்லக் கூடாது. வெளியே கட்டை மாதிரி காய்ந்திருந்தாலும் மண்ணுக்குள் கிழங்கில் உயிர் இருக்கும், பூமி சூடேறினால்தான் அது எழுந்து வரும். டூசே என்பவன் ஒருதரம் அவசரப்பட்டு மார்ச் மாதத்திலேயே வெட்டிச் சாய்த்தான். உள்ளே பச்சை. ஒன்பது வருஷமாக அவனுக்குப் பெயர் ‘கசாப்பு’. ஜூலை நாலு அன்று ஐந்து பேரும் வீடு வீடாகப் போவார்கள். எல்ரே மண்டியிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். செத்தது என்றால் எல்லோருமாக ரம்பம் எடுத்து வெட்டி, மேலே பீர் ஊற்றி அடக்கம் செய்வார்கள். ஓடுகிற லாரியிலிருந்தே உறையைப் பார்த்து இன்ன மூங்கில் என்று சொல்கிறவன் எல்ரே. அவன் சொன்னால் மறுபேச்சு இல்லை. கடைசி வீடு ஹார்லனுடையது. அங்கே இறால் வேகும். வேகவைப்பவள், அவர்கள் மரியாதைக்கு ‘மிஸ் வில்டா’ என்று கூப்பிடுகிற வில்டா.

இந்த ஜனவரியில்தான் அவளுக்கு வழி பிறந்தது.

மூன்று நாள் குளிர். முதல் நாளே பனி கொட்டியது. பாரன்ஹீட்டில் பதினாலு, அதாவது தண்ணீர் உறைகிற புள்ளிக்குப் பதினெட்டு டிகிரி கீழே. ஹார்லன் காய்ச்சலில் படுத்திருந்தான், எழுந்து நடக்கத் தெம்பு இல்லை. ஆனால் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“வில்டா! டிரையர் ஓடுதா?”

“ஓடுது.”

“துண்டு போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன். சத்தம் கேக்கலையா?”

சத்தம் கேட்டது. டிரையர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பின்னால் இருந்த காற்றுக்குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கி அறைக்குள்ளேயே திருப்பிவிட்டிருந்தாள். சுவரோட்டையில் பழைய உள்பாவாடையைச் சுருட்டி அடைத்திருந்தாள். குழாய்க்கு முன்னால் நாற்காலி போட்டு, காலுறையைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் அந்தச் சூட்டில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓராவின் கடிதம். கண் மங்கிக்கொண்டே வருகிறது, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மே மாதம் காலி செய்கிறார்கள், ஜூலை முடியும்வரை உனக்காக வைத்திருப்பேன், அதற்குமேல் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். வில்டா அதை மூன்று நாளும் படித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் கால் இப்படிச் சூடாக இருந்தது இல்லை.

நாலாம் நாள் குழாயைத் திரும்பச் சுவரில் மாட்டினாள்.

பிப்ரவரியில் இலை முழுவதும் காகிதப்பை நிறத்துக்கு வந்து உதிர்ந்தது. மார்ச்சில் கழிகள் மஞ்சளாயின, ஏப்ரலில் வைக்கோல் நிறம். தினமும் காலை ஹார்லன் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துகொள்வான்.

“கீழ்க்கணுவைச் சுரண்டு.”

வில்டா மண்டியிட்டு நகத்தால் சுரண்டுவாள்.

“என்ன நிறம்?”

“பழுப்பு.”

“அடுத்த கழி.”

“அதுவும் பழுப்பு.”

“சந்தோஷமா இருக்குமே உனக்கு.”

“ஜூலை நாலு வரைக்கும் சந்தோஷப்படக் கூடாதுன்னு உங்க சட்டம்.”

மே கடைசியில் அவனே நீளமான திருப்புளியைக் கொடுத்துக் கிழங்கில் குத்தச் சொன்னான். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி பிடிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது புளித்த நாற்றம் அடித்தது. அவன் திருப்புளியை வாங்கி முகர்ந்து பார்த்தான், சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

அன்று மாலையே வில்டா பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அவன் கண்ணெதிரில்தான். வீடு இருவர் பேரிலும் இருந்தது, ஒருவர் கையெழுத்தில் விற்க முடியாது. அதற்கு அவன் வாக்குத் தேவை, அந்த வாக்கு இப்போது மண்ணுக்குள் அழுகிக்கிடந்தது. ஜூன் மூன்றாம் வாரம் இரண்டு நாள் லஃபயெத் போய் ஜன்னல்களுக்குத் திரைத்துணி அளவெடுத்து வந்தாள். ஓரா கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துடுவல்ல? இந்தத் தடவையும் அந்தப் புல்லு பொழைச்சிக்கிச்சுன்னு சொல்ல மாட்டியே?” என்றாள்.

“குத்திப் பாத்துட்டேன் ஓரா. உள்ள கூழு.”

திரும்பி வந்தபோது ஹார்லன் சட்டியில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாற்பத்தைந்து வருஷத்தில் அவன் அடுப்படியில் நின்று அவள் பார்த்தது இல்லை. நகக்கண்ணில் மண் இருந்தது.

“ஷா, வா வா. உக்காரு. திரை எல்லாம் அளந்தாச்சா?” என்றான். ‘ஷா’ என்பது அந்தப் பக்கத்தில் கண்ணே என்று கொஞ்சுகிற வார்த்தை. அவன் அவளை அப்படிக் கூப்பிட்டால் பின்னால் ஏதாவது வேலை இருக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஜூன் இருபத்தெட்டு காலையில், வெளியிலிருந்து கூப்பிட்டான்.

“வில்டா! சீக்கிரம் வா! உயிர் வந்துடுச்சு!”

காய்ந்த கழிகளுக்கு நடுவே, சக்கையை விலக்கிக்கொண்டு, மூன்று குருத்து நின்றது. வில்டா மண்டியிட்டாள். குருத்து வழவழவென்று பச்சை. மேலே மாவு தடவினாற்போல் வெளிறிய பூச்சு. அவள் விரலை அடியிலிருந்து நுனிவரை இழுத்தாள். சுணை இல்லை. மணிக்கட்டைக் குருத்தோடு சேர்த்து அழுத்தித் தேய்த்துக் காத்திருந்தாள். அரிக்கவில்லை.

இது ஊரில் பாதி வேலிகளில் நிற்கிற சாதாரணப் பச்சை மூங்கில். நர்சரியில் தொட்டியோடு கிடைக்கும். எந்தக் குளிர் மேலே கருக்கினாலும் கிழங்கிலிருந்து எழுந்துவிடும். போர்வை வேண்டாம், சக்கை வேண்டாம். அவள் சாகும்வரை அது சாகாது.

நிமிர்ந்து பார்த்தாள். ஹார்லன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்படிப் பச்சையா இருக்கு பாத்தியா?” என்றான்.

“பாத்தேன்” என்றாள் வில்டா. இன்னும் ஆறு நாளில் எல்ரே வருவான். எல்ரேவின் கண்ணை ஏமாற்ற முடியாது.

ஜூலை நாலு மதியம் லாரி வந்து நின்றது. ஹார்லனோடு எல்ரே, டூசே, இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். ஏற்கெனவே நாலு வீடு பார்த்து, இரண்டு மூங்கிலை அடக்கம் செய்துவிட்டு நல்ல போதையில் இருந்தார்கள். லாரியின் பின்னால் எல்ரே செய்த இறால் அடுப்பு. சக்கரம் வைத்த சட்டத்தில் அறுபது லிட்டர் அண்டா, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால் அண்டா தானாகக் கவிழ்ந்து வெந்ததை மேசையில் கொட்டிவிடும். மூங்கில் நிழலில்தான் வழக்கமாக அதை நிறுத்துவார்கள். இந்த வருஷம் நிழல் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் அங்கேயே தள்ளிக்கொண்டு போனார்கள். வில்டா தண்ணீர் விட்டு, கைகொள்ளுமட்டும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, காஸைப் பற்றவைத்தாள்.

“அப்போ பிரேதத்தைப் பாத்துடலாமா?” என்றான் டூசே.

“பிரேதம் உங்க அப்பன். போய்ப் பாருடா கசாப்பு” என்றான் ஹார்லன்.

எல்ரே மண்டியிட்டான். சக்கையை விலக்கினான். குருத்தைத் தொட்டான். தொட்ட கை அப்படியே நின்றது. மற்ற மூவரும் குனிந்து பார்த்தார்கள். டூசே உதட்டைக் கடித்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினான், அவன் முதுகு குலுங்கியது.

“எல்ரே, தடவிப் பாரு. சுணை எங்க?” என்றாள் வில்டா.

எல்ரே குருத்திலிருந்து கையை எடுத்தான்.

“பதினோரு வருஷம் அதுல கை அரிச்சவ நான். இது அந்த மூங்கில் இல்ல. உனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். சொல்லு.”

எல்ரே ஹார்லனைப் பார்த்தான். ஹார்லன் பீரைக் குடித்தான். எல்ரே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

“உயிரோடதான் இருக்கு, மிஸ் வில்டா.”

“எது உயிரோட இருக்கு?”

“மூங்கில்.”

“எந்த மூங்கில், எல்ரே?”

“தெற்குச் செவுத்து மூங்கில்” என்றான் எல்ரே. டூசே அதற்குமேல் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். “மிஸ் வில்டா, நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு இறால் வேகவெப்பா? இவனா? இவனுக்குத் தண்ணி சுடவெக்கத் தெரியாது!” என்றான் டூசே, கண்ணைத் துடைத்தபடி.

வில்டாவுக்கு முகம் சுட்டது. கையில் இருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

“அது செத்துப்போச்சு. எனக்குத் தெரியும். ஏன்னா கொன்னவ நான்தான். ஜனவரியில அந்தக் குழாயைப் பிடுங்கி உள்ள விட்டேன். ஓட்டையில துணி அடைச்சேன். மூணு நாளு என் காலைக் காயவெச்சேன். ஒரு துளி சூடு வெளிய வரல. அப்புறம் எப்படி அது பொழைக்கும்?”

சிரிப்பு நின்றது. டூசே ஹார்லனைப் பார்த்தான். அந்த நாலு பேருக்கும் அது கொலைதான், அதில் சந்தேகம் இல்லை.

“தெரியும்” என்றான் ஹார்லன்.

வில்டா அவனைப் பார்த்தாள்.

“காய்ச்சல் விட்டதும் ஜன்னல் வழியா பாத்தேன். பனி விழுற வருஷமெல்லாம் அந்த ஓட்டைக்குக் கீழ மட்டும் பனி உருகி மண்ணு தெரியும். இந்த வருஷம் செவுறு வரைக்கும் வெள்ளையா அப்படியே கெடந்துச்சு. ஆறு மாசமா நீ சுரண்டிச் சுரண்டிப் பழுப்பு பழுப்புன்னு சொன்னப்ப எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.” சாவகாசமாக ஒரு வாய் பீர் குடித்தான். “அதான் உன்னால கொல்ல முடியாததா பாத்து வாங்கிட்டு வந்தேன்.”

வில்டா உள்ளே போனாள். அடுப்படிச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து ஓராவைக் கூப்பிட்டாள். வீடு விற்காமல் போகட்டும், கையெழுத்துப் போடாமல் போகட்டும், இரண்டு பெட்டி துணியோடு தனியாக வருகிறேன் என்று சொல்லவேண்டும்.

“ஓரா, நான் மட்டும் வரேன். இன்னிக்கே.”



“இப்ப வந்து சொல்றியே வில்டா? திங்கக்கிழமையே ஹார்லன் ஃபோன் பண்ணிட்டான். குருத்தைப் பாத்துட்டு நீ அழுதியாம். எங்கேயும் வரலைன்னு சொல்லிட்டியாம். என்கிட்ட நேராச் சொல்ல உனக்குச் சங்கடமா இருக்குன்னு அவனே சொன்னான்.”

“நான் அழல.”

“டீச்சருக்குச் சாவி குடுத்துட்டேன். அஞ்சு வருஷத்துக்கு எழுதியாச்சு.” ஓராவின் குரல் கெட்டியானது. “பதினோரு வருஷமா ஒரு புல்லைக் காட்டி என்னை ஏமாத்தினீங்க ரெண்டு பேரும். கண்ணு தெரியாதவ எத்தனை நாளு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா?” வைத்துவிட்டாள்.

வெளியே அண்டா கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. யாரோ இறாலையும் சோளத்தையும் உள்ளே போட்டிருந்தார்கள். ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்தித்தாள் விரித்திருந்தார்கள். வில்டா வந்து அடுப்புக்குப் பின்னால் நின்றாள். சக்கரத்தைத் தடுத்திருந்த கட்டையைக் காலால் தள்ளினாள். சட்டத்தை மேசைக்கு எதிர்ப்பக்கமாக, சுவரைப் பார்க்கத் திருப்பினாள்.

“அந்தப் பக்கம் இல்ல, மிஸ் வில்டா. மேசை இங்க இருக்கு” என்றான் எல்ரே.

அவள் கைப்பிடியை இழுத்தாள்.

இறால் வேகவைத்த தண்ணீரைப் புல்லில் ஊற்றக் கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஊற்றிய இடத்தில் அந்த உப்புக்கு வருஷக்கணக்கில் எதுவும் முளைக்காது. அறுபது லிட்டர் அண்டா, கொதிக்கக் கொதிக்க, மூன்று குருத்தின் தலையிலும் இறங்கியது. ஆவி கூரைவரை எழுந்தது. மிளகாய்க் காட்டத்தில் எல்லோரும் இருமினார்கள். ஆவி விலகியபோது குருத்துகள் வெந்த கீரை நிறத்தில் தலை சாய்ந்துகிடந்தன.

“ஹார்லன், உன் வாக்கு இருக்கு” என்றாள் வில்டா. அவளுக்கு மூச்சு வாங்கியது. “எல்ரே, நீ சாட்சி. இப்ப மண்டி போட்டுப் பாரு. செத்துடுச்சா இல்லையா?”

ஓராவின் வீடு இல்லாவிட்டாலும் வீட்டை விற்றால் போதும், எங்காவது ஓர் அறை கிடைக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. முகத்திலேயே இருந்தது.

எல்ரே எழுந்திருக்கவில்லை. குருத்தைப் பார்த்தான், ஹார்லனைப் பார்த்தான். முப்பது வருஷம் ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள்.

“மிஸ் வில்டா, மேலே வெந்தது நெசந்தான்” என்றான் மெதுவாக. “கிழங்கு எப்படி இருக்கோ. அதெல்லாம் உடனே சொல்லக் கூடாது. எங்க சட்டத்தை நீங்களும் கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க? அடுத்த ஜூலை நாலுல பாத்துச் சொல்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னமாதிரியும் இல்லை. டூசே குனிந்து சக்கைமேல் சிதறிக்கிடந்த இறால்களைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒன்றை எடுத்து ஊதி, தோலை உரித்து வாயில் போட்டான்.

“பதமா வெந்திருக்கு” என்றான்.

“இப்படிப் போடு” என்று ஹார்லன் தட்டை நீட்டினான். பிறகு வில்டாவைப் பார்த்து, “அது சக்கையோட இருக்கு. இன்னொரு அண்டா ஏத்து, ஷா. இவங்களுக்குப் பசிக்குது” என்றான்.

வில்டா கைப்பிடியை விட்டாள். காலி அண்டா மெதுவாக நிமிர்ந்து நின்றது. காஸ் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.